மூணாந் தண்ணி

முப்பத்தொன்று. அதற்குக் கீழே சின்னதாக எட்டு. பெரிய எண் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீருடையது, சின்ன எண் இந்த அறையில் இருக்கும் காற்றினுடையது. பெரியது ஏற வேண்டும், சின்னது இறங்கக் கூடாது, இன்றைக்கு எனக்கு வேலையே அவ்வளவுதான், இதற்கு எதற்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று தெரியவில்லை. மணி ஒன்பதே கால். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் என் மகள் தாரிகாவுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஒரு டிகிரி ஏற ஆறு நிமிஷம் ஆகிறது, காலையிலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்பது டிகிரி, ஒன்பது ஆறு ஐம்பத்து நாலு, பத்து மணி தாண்டி ஒன்பது நிமிஷத்தில் நாற்பது வந்துவிடும், வந்துவிட வேண்டும், வாளியில் பிடித்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கலக்க ஐந்து நிமிஷம், அப்புறமும் கால் மணி நேரம் மிச்சம் கிடக்கும், அதில் நான் ஒரு காபி கூடக் குடிப்பேன். இப்படிக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கணக்கு நன்றாக வரும், விடைதான் தப்பாக வரும். ஏழரை மணிக்குப் பத்து என்று இருந்த சின்ன எண் இப்போது எட்டு. வெளியே குளிர் கூடவில்லை, அதே மூடுபனிதான், மூன்று நாளாக எதிர்வீட்டுச் சில்வர் ஓக் மரங்கள் இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாத கோத்தகிரிப் பனி. அறைதான் குளிர்கிறது. தண்ணீர் காய்ச்சுகிற இந்த மெஷினே குளிர வைக்கிறது. காற்றை இழுத்து, அதில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் உருவித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, சில்லென்று என் காலடியில் துப்புகிறது. விறகு போட்டு வைத்திருந்த அறை, நாலடிக்கு ஆறடி, ஜன்னல் என்று பெயருக்கு ஒரு ஓட்டை. துப்பின காற்றையே திரும்ப இழுக்கிறது, இன்னும் கொஞ்சம் உருவுகிறது, திரும்பத் துப்புகிறது. மனசு பயத்தை மென்றுகொண்டே இருப்பது மாதிரி. போதும், எண்ணைப் பார். முப்பத்தொன்று.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ரிசார்ட்டில் புதுசு மாற்றும்போது ஓரமாகப் போட்டுவிட்ட மெஷின் இது, அவர் கேட்டு வாங்கி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி பண்ணி மாட்டினார். என் உயரம் இருக்கும், வெள்ளையாக, உருண்டையாக, தலையில் ஒரு மின்விசிறியோடு. உள்ளே இரண்டு வழி உண்டு. காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது ஒன்று, கரண்ட் குறைவாக இழுக்கும், நேரம் பிடிக்கும். இன்னொன்று கம்பி, சாதாரண கெய்சரில் இருக்கிறதே அந்தக் கம்பிதான், சட்டென்று கொதிக்க வைக்கும், மீட்டரும் சேர்ந்து கொதிக்கும். ஹைப்ரிட் என்று வைத்தால் எப்போது எது என்று அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும். எக்கோ என்று வைத்தால் காற்று மட்டும். மாமியாரிடம் நேற்று ராத்திரி இதைத்தான் சொன்னேன். அம்மை போட்ட பிள்ளைக்கு வெயிலில் வைத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அடுப்பில் காய்ச்சினது ஆகாது. முதல் தண்ணீருக்கும் இரண்டாம் தண்ணீருக்கும் எப்படியோ மாரியாத்தா புண்ணியத்தில் இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. மூன்றாம் தண்ணீர் ஒன்பதாம் நாள், இன்றைக்கு, தள்ளக் கூடாது. வெயிலோ வருகிற மாதிரி இல்லை. "அடுப்புல வெக்கறதுன்னா தண்ணியே ஊத்த வேண்டாங்கண்ணு"ன்னு அத்தை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பச்சைத் தண்ணீர் ஊற்ற முடியாது, தாரிகாவுக்குப் போன மாதம்தான் இளைப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகையை இழுக்க வைத்தோம். அந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, நாலு வயசு நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. அத்தையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து மெஷின் துப்புகிற காற்றில் நீட்டச் சொன்னேன். "சில்லுனு வருதுங்களா அத்தை? இதுல இருந்த சூடு எங்க போச்சு? தண்ணிக்குள்ள போச்சு. தீயே இல்லீங்க. வெயிலு காத்துக்குக் குடுத்ததை காத்து தண்ணிக்குக் குடுக்குது." அத்தை கையை இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, "இந்தக் காத்துலயா சூடு கெடக்குது? எலும்பு வெறைக்குது அம்மிணி, நீ என்னமோ கத சொல்றே"ன்னார். "இருக்குதுங்க, நமக்குத்தான் தெரியல." கொஞ்ச நேரம் மெஷினை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம், "தீ படாதுல்ல?" "படாதுங்க." "சத்தியமா?" "உங்க பேத்தி மேல சத்தியமாங்க." அந்த வார்த்தையை ஏன் சொன்னேன். வாய் என்னுடையது எப்போதுமே எனக்கு முன்னால் ஓடும்.

முப்பத்திரண்டு. வந்துவிட்டது, நல்ல பிள்ளை. சின்ன எண் ஏழு. அத்தை சம்மதித்த பிறகு படுத்துக்கொண்டு யோசித்தால், தொட்டி நிறைய ஏற்கெனவே இருக்கிற வெந்நீர் இருக்கிறதே, அது ஒரு வாரமாக ஹைப்ரிட்டில் கிடந்த தண்ணீர், அதில் எவ்வளவு காற்று எவ்வளவு கம்பி என்று யார் கண்டது. சத்தியம் பண்ணியாகிவிட்டது. அதனால் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து மொத்தத் தொட்டியையும் காலி பண்ணினேன். நல்ல ஆவி பறக்கிற வெந்நீர், ஐம்பத்தைந்து டிகிரி, நூற்றைம்பது லிட்டர். சும்மா திறந்துவிட மனசு வரவில்லை, ஒன்பது நாளாகத் தாரிகா படுத்த துணி, வேப்பிலைக் கறை படிந்த வேட்டி, திரைச்சீலை, என்னுடையது, அவருடையது, கால்மிதி வரைக்கும் துவைத்துத் தள்ளினேன். துவைக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, கைக்கு இதமாக, பாட்டுக்கூட முணுமுணுத்தேன். ஏழரைக்குத் தொட்டியில் பதினாலு டிகிரிப் பச்சைத் தண்ணீர். நிறைந்த தொட்டி வெந்நீரைக் கொட்டிவிட்டு வெந்நீருக்காக நின்றுகொண்டிருக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார். சிரிக்கமாட்டார். ருக்குவைப் பற்றி அவருக்கும் தெரியும். ருக்கு அவருடைய அக்கா. அவர் பிறப்பதற்கு முன்னாடியே செத்துப்போனவள், ஐந்து வயசு, வீட்டில் போட்டோ கூடக் கிடையாது. முப்பத்தாறு வருஷம் முன்னாடி, சத்தியமங்கலத்துப் பக்கம் ஊரில் ஐப்பசி அடைமழையில் அவளுக்கு அம்மை போட்டது. மழை நிற்கவேயில்லையாம். மூன்றாம் தண்ணீர் அன்றைக்கும் மழை. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அத்தை தண்ணீரை அடுப்பில் ஒரு கொதி காட்டி ஊற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் மறுபடி காய்ச்சல், ஐந்தாம் நாள் ருக்கு இல்லை. அம்மை நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகியிருக்கும் என்று இப்போது நாம் சொல்லிவிடலாம். ஊரே சொன்னது வேறு. அத்தையின் மாமியார் சாகிற வரைக்கும் அத்தை கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம். இதெல்லாம் அத்தை என்னிடம் சொன்னதில்லை, அவர் சொல்லி எனக்குத் தெரியும். அத்தை ருக்கு என்ற பெயரையே சொல்லி நான் கேட்டதில்லை. தாரிகா நெற்றியில் முதல் கொப்புளம் வந்த அன்றைக்கு அத்தை வேப்பிலை ஒடிக்கப் போனவர் மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார், நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். "காலு மரத்துப் போச்சு கண்ணு"ன்னார்.

எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கையா என்றால், தெரியாது. டாக்டரிடமும் காட்டினோம், மருந்தும் கொடுத்தேன், வாசலில் வேப்பிலையும் கட்டினேன், வீட்டில் ஒன்பது நாளாகத் தாளிக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். தண்ணீர் எதில் காய்ந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்று பகலில் தோன்றும். நாளைக்குத் தாரிகாவுக்கு ஒரு தும்மல் வந்தால்? மறுபடி உடம்பு சுட்டால்? அத்தை என்னைத் திட்டமாட்டார். அதுதான் பயம். திட்டாமல் தன்னைத்தான் ஏதாவது சொல்லிக்கொள்வார், யாருக்கும் கேட்காமல், இன்னொரு முப்பத்தாறு வருஷம். அதற்கு அவருக்கு ஆயுசும் இல்லை. முப்பத்திமூன்று. சின்ன எண் ஏழு, இல்லை, மினுக்கி மினுக்கி ஆறு. ஆறா? பூட்ஸ் போட்ட கால் கூட மரத்துவிட்டது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ இந்தியில் கத்துகிற சத்தமும். "என்ன வளரு, ஊத்தியாச்சா?" "இல்லீங்க, முப்பத்திமூணுதான். ரூம் ஆறு காட்டுது." "ஆறா? வெளிய அவ்வளவு இல்லியே. கதவை மூடி வச்சிருக்கியா?" "பின்ன? தொறந்தா குளுரு பூரா பாப்பா படுத்திருக்கிற ரூமுக்குப் போகுதுங்க." "அடக் கடவுளே. ஏய், அஞ்சுக்கு வந்துச்சுன்னா அதுவே கம்பியைப் போட்டுக்கும்." "எக்கோலதான வச்சிருக்கேன்?" "எக்கோல இருந்தாலும்தான். ரொம்பக் குளுந்தா உள்ள பனி கட்டிக்கும்னு அதுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு. ஸ்பிரிங் மாதிரி ஒரு படம் செவப்பா எரியும், பாரு." "அதை எடுத்துட முடியாதுங்களா?" "நான் வந்தாத்தான் முடியும். பத்து ரூம்ல ஆள் இருக்குது, எப்படி வர்றது? பேசாம கொஞ்சம் கம்பி ஓடட்டும், அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது." வைத்துவிட்டார். அம்மாவுக்கு என்ன தெரியப்போகுது. அத்தைக்கு எழுத்து தெரியாது, எண் தெரியாது, பஸ் நிறத்தை வைத்துத்தான் ஏறுவார். தெரியப்போவதில்லைதான். அது எனக்கும் அந்த வினாடியே தோன்றியிருந்தது. அவர் வாயால் கேட்டதும்தான் அசிங்கமாக இருக்கிறது.

அடுக்களைக் கதவைத் திறந்தேன். இப்போதுதான் சோறு வடித்தது, அடுக்களையில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தது, அது என் முதுகைத் தாண்டி உள்ளே போவதை உணர முடிந்தது, மாடு தவிட்டை உறிஞ்சுகிற மாதிரி மெஷின் அதை உறிஞ்சியது. சின்ன எண் ஏழு. எட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் சிரிப்பு நின்றது. அடுக்களையில் இருக்கிற சூடு எங்கிருந்து வந்தது? அடுப்பிலிருந்து. அப்படியென்றால் அடுப்புத் தீ சோற்றுப்பானைக்குப் போய், காற்றுக்குப் போய், மெஷினுக்குப் போய், தண்ணீருக்குப் போகிறது. தீ பட்டதா படவில்லையா? எத்தனை கை மாறினால் தீ தீயாக இல்லாமல் போகும்? அப்படிப் பார்த்தால் வெயிலும் தீதானே, சூரியனில் என்ன தண்ணீரா இருக்கிறது. என் மூச்சையும்தான் இது இழுக்கிறது. காலையிலிருந்து நான் விட்ட மூச்செல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அதில் ஒன்றும் தப்பில்லை, தாய் மூச்சில் காய்ந்த தண்ணீர் என்று சொன்னால் மாரியாத்தா கூட ஏற்றுக்கொள்வாள். முப்பத்தி நாலு. முப்பத்தைந்து. உள்ளேயிருந்து அத்தை குரல். "எங்கிருந்து அம்மிணி இத்தன குளுரு காத்து வருது? புள்ள போத்தியும் நடுங்குறா." போச்சு. ஓடிக் கதவைச் சாத்தினேன். அவள் குளிக்கப் போகிற சூட்டை அவள் போர்வைக்குள்ளிருந்தே திருடிக்கொண்டிருந்திருக்கிறேன். மணி ஒன்பது ஐம்பது. எட்டு, ஏழு. கதவைச் சாத்தினால் தண்ணீருக்கு ஆகாது, திறந்தால் பிள்ளைக்கு ஆகாது. பாதி திறந்து நான் நடுவில் நின்றேன், கதவுக்குப் பதிலாக. முன்பக்கம் குளிர், பின்பக்கம் வெதுவெதுப்பு. ஆறுக்கு வந்ததும் மெஷின் சத்தமே மாறிவிட்டது, இழுத்து இழுத்து, ஏறுமேட்டில் பாரவண்டி முனகுகிற மாதிரி. ஆறு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி என்பது இப்போது பத்து, பன்னிரண்டு. இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. விடைதான் தப்பாக வரும் என்று சொன்னேனே.

பத்து மணி பத்து நிமிஷம். முப்பத்தாறு. பத்து மணிக்கு ரெடியாகிவிடும் என்று நான்தான் அத்தையிடம் சொல்லியிருந்தேன், அந்த வார்த்தையை நம்பி அவர் தாரிகாவின் உடுப்பைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரைக்கும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, அவருடைய பழைய நூல் புடவையைச் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தேவிட்டார். குளியலறை அடுக்களைக்கு எதிரில். பிள்ளை பச்சையும் மஞ்சளுமாக, உதடு மட்டும் வெளுத்து. "அம்மா, நான் கிளி ஆயிட்டேன்." பல் கிட்டிப் பேசினாள். "ஆமா, கிளிதான்." "கிளிக்குக் குளுருதும்மா." அப்புறம் இருமினாள். வறண்ட இருமல், ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. முப்பத்தாறு தொட்டியில்தான் முப்பத்தாறு, குழாயில் வந்து வாளியில் விழுந்து, இந்தக் குளிரில் அவள் முதுகைத் தொடும்போது என்ன இருக்கும்? தலையோடு ஊற்ற வேண்டும், மூன்று வாளி. விசில் சத்தம். இன்னும் நாலு டிகிரி. பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு நிமிஷம், ராகு காலத்துக்குள் போய்விடும். "ஆச்சா கண்ணு?" "இதோ ஆச்சுங்க அத்தை." அப்போதுதான், நான் திரும்பிப் பார்க்கவும், சின்ன எண் ஐந்து. ஒரு சின்னக் க்ளிக். ஸ்பிரிங் மாதிரி ஒரு படம், குங்குமப் பொட்டு அளவுக்கு, சிவப்பாக எரிந்தது.

என் விரல் தானாகவே நிறுத்துகிற பொத்தான் மேல் போய்விட்டது. அமுக்கினால் மெஷினே நின்றுவிடும், முப்பத்தாறோடு. அமுக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும், பத்து இருபத்தைந்துக்குள் நாற்பது. விரலுக்குக் கீழே பொத்தான் சில்லென்று இருந்தது. போனில் அவர் சொன்னது சரி, என்ன தெரியப்போகிறது. நான் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றால் போதும். ஒரு கால் மணி நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகாது, நாளைக்கு வீட்டில் கடுகு தாளிக்கலாம், கறி எடுக்கலாம். "அதென்ன அம்மிணி, செவப்பா?" மறைக்கவில்லை நான், மறைக்கத் தோன்றவில்லை, அத்தை என் தோளுக்கு மேல் பார்த்துவிட்டார். எண் தெரியாதவருக்கு நிறம் தெரியும். அது ஒன்றுமில்லீங்க அத்தை, வேலை முடியப்போகுதுன்னு காட்டுது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது. எப்போதும் முந்தி ஓடுகிற வாய் இப்போது மட்டும் நின்றுவிட்டது. தாரிகா தலையை அத்தை தோளில் சாய்த்துக்கொண்டு இருமினாள். அவள் மேல்தானே சத்தியம் பண்ணினேன். "கம்பிங்க அத்தை," என்றேன். "காத்து ரொம்பக் குளுந்துருச்சு, அதனால கம்பி தானா போட்டுக்கிச்சு. கம்பி செவக்கும். தீன்னுதான் சொல்லோணும். உங்ககிட்ட தீ படாதுன்னு சொன்னேன். பட்டுருச்சுங்க. இதோ, நிறுத்திடறேன்."

விசிறி ஓடுகிற சத்தம். அத்தை அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தாரிகாவின் முதுகில் இருந்த அவர் கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, பூசின மஞ்சள் அவர் விரல் இடுக்கெல்லாம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பெரிய எண் முப்பத்தேழு ஆனது மட்டும் தெரியும். "நிறுத்தாதே"ன்னார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "அத்தை?" "நிறுத்தாதேங்கறேன். புள்ள நடுங்குறா, உனக்குக் கண்ணு தெரியலியா? வாளிய எடு, போ." திட்டுகிற குரல். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் அத்தை என்னைத் திட்டினதே இல்லை. வாளியை எடுத்தேன், வேப்பிலைக் கொத்தைப் போட்டேன், அவசரத்தில் இரண்டு கொத்து வெளியே விழுந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சின்ன எண்ணை நான் அப்புறம் பார்க்கவேயில்லை. நாற்பது வந்தபோது மணி பத்து இருபத்து மூன்று, குழாயைத் திறந்தேன், ஆவி அப்படியே எழுந்து குளியலறைக் கண்ணாடியை மூடியது, வேப்பிலை வாசனை வீடு முழுக்க ஏறியது. அத்தை தாரிகாவை மணையில் உட்கார வைத்துவிட்டு முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டார். விட்டவர் எடுக்கவில்லை. நான் சொம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், தாரிகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடித் தயாராக இருக்கிறாள், அத்தை முழங்கை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. "சுடுதுங்களா அத்தை?" தலையை ஆட்டினார், இல்லை என்று. "இப்படித்தான் அம்மிணி இருந்துச்சு," என்றார், வாளியிடம் சொல்கிற மாதிரி. "இதைவிட ஒரு பொட்டுக்கூட அதிகம் சூடில்ல. ருக்குவும் இப்படித்தான் நடுங்குனா. குளுருமேன்னுதான் வெச்சேன்." "தெரியுங்க அத்தை," என்றேன். கண்ணை மூடிக்கொண்டே தாரிகா கத்தினாள், "அப்பத்தா, ஊத்து!" அத்தை என் கையிலிருந்து சொம்பை வாங்கினார்.